முதுமலை 50 ஹெக்டேர் ஆய்வுக்களம்

நீலகிரி மாவட்டத்தின் முதுமலைப் புலிகள் காப்பகத்துக்குள் 1 கிலோமீட்டர் நீளமும் அரைக் கிலோமீட்டர் அகலமுமாக அமைந்த இலையுதிர்காட்டுப் பகுதி. மரங்களின் பிறப்பு, வளர்ச்சி, இறப்பு ஆகியவற்றை நீண்டகாலம் தொடர்ந்து பதிவு செய்வதற்காக, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் சூழலியல் மையத்தைச் சேர்ந்த ராமன் சுகுமார் குழுவினர் 1988-இல் இதைத் தொடங்கினர். யானை ஆய்வுக்குப் பெயர்பெற்ற சுகுமார், யானை தின்னும் காட்டையும் அதே அக்கறையோடு கவனித்ததன் பயன் இது.

இதற்கு முன்மாதிரி பனாமாவில் உள்ள பாரோ கொலராடோ தீவு. அங்கே 1980-களின் தொடக்கத்தில் ஸ்டீபன் ஹப்பெல், ராபின் ஃபாஸ்டர் இருவரும் 50 ஹெக்டேர் மழைக்காட்டை அளந்து, தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் குறைந்தது 1 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒவ்வொரு தண்டையும் எண்ணினர். முதுமலையும் அதே அளவுகோலைப் பின்பற்றுகிறது. ஒவ்வொரு தண்டுக்கும் எண் பொறித்த தகடு உண்டு. எது செத்தது, எது புதிதாக வந்தது என்று ஆண்டுதோறும் பார்க்கிறார்கள். பருமனை நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை அளக்கிறார்கள். இலை உதிர்ந்த கோடையிலும் பட்டையைப் பார்த்தே மரத்தின் பெயரைச் சொல்லக்கூடிய உள்ளூர்ப் பழங்குடியினரின் அறிவு இல்லாமல் இந்தக் கணக்கு நின்றிருக்காது.

முதல் கணக்கெடுப்பில் பதிவானவை சுமார் 26,000 தண்டுகள், 70 இனங்களுக்குச் சற்று மேல். பாரோ கொலராடோவில் இதே பரப்பில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான தண்டுகள், ஏறத்தாழ 300 இனங்கள். இலங்கையின் சிங்கராசாக் காட்டில் 25 ஹெக்டேரிலேயே 200 இனங்களைக் காணலாம். எண்ணிக்கையில் முதுமலை எளியதுதான். ஆனால் வறட்சி, தீ, யானை மூன்றும் ஒரே காட்டை எப்படி மாற்றுகின்றன என்பதை மழைக்காடுகள் சொல்ல முடியாது; முதுமலை சொல்கிறது. வெண்தேக்கு, கருமருது, வெக்காலி, தேக்கு ஆகியவை இங்கு ஓங்கி நிற்கும் மரங்கள்.

யானையின் பங்கு கிடியா காலிசினா என்ற மரத்தில் தெளிவாகத் தெரிந்தது. செம்பருத்திக் குடும்பத்தைச் சேர்ந்த இச்சிறுமரம் தொடக்கத்தில் களத்தில் மிகுதியாக இருந்த இனங்களுள் ஒன்று. யானைகள் இதன் பட்டையை உரித்தும் தண்டை முறித்தும் தின்றதால், சில ஆண்டுகளுக்குள்ளேயே இதன் எண்ணிக்கை வேகமாகச் சரிந்தது.

தீ வேறு விதமாக வேலை செய்கிறது. இங்கே தீ பெரும்பாலும் மனிதர் வைப்பது, தரையோடு ஓடும். தடித்த பட்டையுள்ள முதுமரங்கள் தப்பும், மெல்லிய கன்றுகள் கருகும். 1990-களில் தீ அடிக்கடி வந்தபோது சிறுதண்டுகள் வெகுவாகக் குறைந்தன. இடைவெளி கிடைத்த பின் மீண்டும் பெருகின. தண்டு கருகிய கன்றுகளில் பல, மழைக்குப் பின் வேரிலிருந்து துளிர்ப்பவை. ஒருமுறை மட்டும் வந்து எண்ணுபவர் அழிந்த காடு என்று எழுதிவிட்டுப் போகக்கூடிய இடம் அது. ஆகவே தீ வந்ததா என்பதைவிட, அடுத்த தீக்கு முன் கன்றுகளுக்கு எத்தனை ஆண்டுகள் கிடைத்தன என்பதே காப்புத் திட்டத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

அண்மைக்காலக் கவலை உண்ணிச்செடி. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இந்தப் புதர் 1990-க்கும் 2008-க்கும் இடையே களத்தில் வெகுவாகப் பரவியது. இதன் அடர்த்திக்கு அடியில் மரக்கன்றுகளுக்கு ஒளி கிடைப்பதில்லை. யானைக்கும் மானுக்கும் வேண்டிய புல்லும் குறைகிறது. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து தழைக்கும் செடி என்பதால் வேரோடு களைய வேண்டும்; அப்படிக் களைந்த இடங்களையும் பல ஆண்டுகள் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.