சிங்கப்பூரின் தடைமலை

சிங்கப்பூருக்குப் போய்வரும் நம்மவருள் டாங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலைத் தரிசியாது மீள்வோர் சிலரே. நகரத்தார் பெருமக்கள் 1859-இல் அமைத்த அக்கோயிலுக்குத் தைப்பூசத்தன்று காவடிகள் வந்து சேரும் காட்சியைப் பற்றிப் பேசாத குடும்பமும் அரிது. ஆயின், அக்கோயிலுக்குச் சிறிது தொலைவில் மரமடர்ந்து நிற்கும் குன்றின்மீது ஏறி வந்தோமென்று சொல்லக் கேட்பது மிகச் சிலரிடத்தேயாம். உயரமோ 48 மீட்டரே; முதியோரும் மெல்ல ஏறலாம். அவ்வூரின் சரித்திரம் முழுவதும் அம்மேட்டிலே அடுக்கடுக்காய்ப் புதைந்து கிடத்தலின், அதனைக் குறித்துச் சில எழுதத் துணிந்தேன்.

இன்று போர்ட் கானிங் பூங்கா எனப்படும் இக்குன்றுக்கு மலாய் மக்கள் இட்ட பழம்பெயர் புக்கிட் லாரங்கான் என்பது. ஏறத்தகாத தடைமலை என்பது அதன் பொருள். பண்டை அரசரின் அரண்மனை அங்கிருந்ததென்றும், அவர்தம் ஆவிகள் இன்னும் உலவுகின்றனவென்றும் அவர்கள் நம்பிவந்தனர். 1819-இல் ராபிள்ஸ் துரை வந்திறங்கியபின், பார்க்குவார் துரை குன்றின்மேல் கொடிநாட்ட முற்பட்டபோது, உள்ளூரார் ஒருவரும் உடன் ஏற இசையவில்லை. மலாக்காவிலிருந்து வந்த ஆட்களைக் கொண்டே காரியத்தை முடித்தனர் என்று முன்ஷி அப்துல்லா தம் நூலில் வரைந்திருக்கின்றார்.

இவ்வச்சத்தை மூடநம்பிக்கை என்று தள்ளினோர் பலர். சிங்கப்பூரின் கதை 1819-இலேதான் தொடங்குகின்றது, அதற்குமுன் அங்கிருந்தது சில மீனவர் குடிசைகளே என்று பாடப்புத்தகங்கள் நெடுங்காலம் ஓதின. நாமும் அதனையே ஒப்பித்தோம். மலாய் அரசர் வரலாற்று நூலிலே சாங் நீல உத்தமன் என்னும் அரசன் சிங்கபுரத்தை நிறுவினான், அவன் வழியில் ஐவர் ஆண்டனர் என்றிருப்பதைக் கட்டுக்கதை என்றனர். ஆனால், 1822-இலேயே கிராபர்டு துரை இக்குன்றில் ஏறிச் செங்கல் அடித்தளங்களையும், பானையோடுகளையும், பழஞ்சீன நாணயங்களையும் கண்டு எழுதிவைத்தார். இஸ்கந்தர் ஷா என்னும் அரசனுடையதென்று சொல்லப்படும் சமாதியில் முகம்மதியர், இந்துக்கள், சீனர் ஆகிய மூவகையாரும் வழிபட்டதையும் அவர் குறித்திருக்கின்றார். அச்சமாதி இன்றும் உண்டு; ஆயின் அவ்வரசன் அங்கே அடக்கமாயினான் என்பதைச் சரித்திர வல்லுநர் ஒப்புவதில்லை.

பின்பு மண்ணே வாய் திறந்தது. 1928-இல் குன்றின் உச்சியில் நீர்த்தேக்கம் அமைக்கத் தோண்டிய கூலியாட்களின் கையிலே பொன்னணிகள் அகப்பட்டன. அவற்றுள் தோள்வளை ஒன்றில் காலமுகம் பொறித்திருந்தது. நம் கோயில்களின் வாயில்களிலும் கோட்டங்களிலும் காணும் கீர்த்திமுகமே அது. சாவகத்துச் சிற்பிகள் தம் நாட்டு முறையில் ஆக்கியது. பதினான்காம் நூற்றாண்டின் வேலைப்பாடென்று அறிஞர் துணிந்தனர். 1984-இல் ஜான் மிக்ஸிக் என்னும் தொல்பொருள் ஆராய்ச்சியாளர் முறைப்படி அகழ்ந்தபோது, சீனப் பீங்கான்களும், கண்ணாடி மணிகளும், மட்கலங்களும் அதே காலத்தனவாய் வெளிப்பட்டன. அகழ்ந்த குழியொன்றைக் கூரையிட்டுக் காட்சியாக வைத்திருக்கின்றனர். ஏற மறுத்த அந்த ஏழை மக்களின் நினைவே பாடப்புத்தகத்தினும் மெய்யாயிற்று.

ராபிள்ஸ் துரை இங்கே மரத்தாலும் கீற்றாலும் ஒரு வீடு கட்டிக்கொண்டார். சாதிக்காயும் கிராம்பும் பயிரிட்டுச் சோதிக்க 48 ஏக்கரில் ஒரு தோட்டமும் வைத்தார். அது 1829-இல் கைவிடப்பட்டது. அதன் நினைவாக இப்போது ஒரு சிறு வாசனைப்பொருள் தோட்டம் உண்டு. கிராம்பையும் பட்டையையும் அஞ்சறைப்பெட்டியில் மட்டுமே கண்ட நம் பிள்ளைகள் அவற்றை மரமாகக் காண்பது நல்ல படிப்பாகும்.

கோட்டையின் கதை நகைப்புக்குரியது. 1859-இல் தொடங்கி 1861-இல் முடித்து, இந்தியாவின் முதல் வைசிராயான கானிங் பிரபுவின் பெயரைச் சூட்டினர். கோட்டையோ கடற்கரைக்குப் பின்னே, நகரத்தைத் தன்முன் வைத்து நின்றது. எதிரிக் கப்பல் தொலைவிலிருந்தே நகரை அழிக்கக் கூடும். அன்றியும், கோட்டைக்கெனத் தனியே தண்ணீர் வசதி இல்லை! 1907-இல் இடித்தனர், பின்னர் அவ்விடத்திலேயே நீர்த்தேக்கம் கட்டினர். கோட்டை வாயில் மட்டும் எஞ்சியிருக்கின்றது.

குன்றின் வயிற்றிலே பூமிக்குக் கீழ் ஒன்பது மீட்டர் ஆழத்தில் ஒரு போர் அறை உண்டு. 1942 பிப்ரவரி 15-ஆம் நாள் காலை, ஜெனரல் பெர்சிவலும் அவர்தம் தளபதிகளும் அங்கே கூடி ஜப்பானியரிடம் சரணடைய முடிவு செய்தனர். இரண்டு நாள் கழித்துப் பாரர் பார்க் மைதானத்தில் பல்லாயிரம் இந்தியச் சிப்பாய்கள் நிறுத்தப்பட்டு ஜப்பானியர் வசம் ஒப்புவிக்கப்பட்டனர். எத்தனை வீட்டில் அந்நாள் முதல் கடிதம் வாராதொழிந்ததோ! 1997-இல் அவ்வறை காட்சிசாலையாகத் திறக்கப்பட்டது. அதனுட் புகுவோர் சத்தமிட்டுப் பேசுவதில்லை.

இக்காலத்தில் அங்கு வரும் இளைஞர் பலர், மரத்தடியில் சுழன்றேறும் படிக்கட்டில் நின்று புகைப்படம் எடுக்கவே வரிசை கட்டுகின்றனர். அதனைக் குறைகூறேன், எடுத்த பின்னர் இன்னும் சிறிது நடந்து கல்லறைச் சுவரையும் பார்த்தல் நலம். 1822 முதல் 1865 வரை இங்கே அடக்கமானவர்களின் கல்வெட்டுக்கள் அச்சுவரிற் பதிக்கப்பட்டுள்ளன. இருபது வயதும் நிரம்பாது மாண்டோர் பலர் என்பதை அவை சொல்லும்.

குன்றை விட்டிறங்கி, அடிவாரத்தில் 1887-இல் எழுந்த தேசியப் பொருட்காட்சிசாலைக்குச் சென்றால் அப்பொன் தோள்வளையைக் காணலாம். ஆற்றின் முகத்துவாரத்தில் நின்ற பெருங்கல்லின் துண்டொன்றும் அங்கு உண்டு. ஏறக்குறைய ஐம்பது வரிகள் பொறித்த அக்கல்லை 1843-இல் ஆங்கிலப் பொறியாளர் வெடிமருந்து வைத்துத் தகர்த்தனர். எஞ்சிய எழுத்துக்களை இதுகாறும் எவரும் ஐயமற வாசித்திலர்.