கெர்ரியை மறித்த பத்திரிகைக்காரர்

1982 செப்டம்பர் 19. டப்ளின் நகரத்துக் குரோக் பார்க் மைதானத்தில் அகில அயர்லாந்து கேலிக் கால்பந்து இறுதி ஆட்டம். 1978 முதல் நான்கு முறை தொடர்ந்து பட்டம் வென்ற கெர்ரி மாவட்ட அணி, ஐந்தாவதையும் வெல்லும் என்றே நாடு நம்பியது. அதைக் கொண்டாடப் பனியன்கள் அச்சாகிவிட்டன, வெற்றிப் பாட்டும் தயார். எதிரே, மக்கள்தொகை குறைந்த ஆஃபலி மாவட்டம். அந்த அணியை நடத்தியவர் யூஜின் மக்கீ, தொழிலால் பத்திரிகைக்காரர்.

1941-இல் லாங்ஃபோர்டு மாவட்டத்தில் பிறந்த மக்கீ, ஆட்டக்காரராகப் பெயர் பெற்றவர் அல்லர். டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரி அணியைப் பயிற்றுவித்து, 1974, 1975 இரண்டு ஆண்டுகளும் அகில அயர்லாந்து கிளப் பட்டத்தை வாங்கித் தந்தார். 1976-இல் ஆஃபலி அவரை அழைத்தது. இந்த ஆட்டத்தில் யாருக்கும் சம்பளம் இல்லை. பகலெல்லாம் வேலை பார்த்து, மாலையில் பயிற்சிக்கு வரும் இளைஞர்களைக் கொண்டுதான் அவர் அணியைக் கட்டினார்.

1980 அரையிறுதியில் கெர்ரியிடம் ஐந்து புள்ளியில் தோல்வி. 1981 இறுதியில் ஏழு புள்ளியில் தோல்வி. இவ்வளவுக்குப் பிறகும் அதே பையன்களை நம்பி நின்றாரே, அதைத்தான் அவருடைய பெரிய சாதனையாக நான் கருதுகிறேன்.

இனி அந்த இறுதி ஆட்டம். அன்றைய விதிப்படி, பந்து வலைக்குள் போனால் மூன்று புள்ளி, குறுக்குக் கம்பத்துக்கு மேலே போனால் ஒன்று. இரண்டாம் பாதியில் கெர்ரியின் மைக்கி ஷீஹி அடித்த பெனால்டியைக் கோல்கீப்பர் மார்ட்டின் ஃபர்லாங் தடுத்தார். அப்படியும் ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது, கெர்ரி இரண்டு புள்ளி முன்னே. மக்கீ மாற்று ஆட்டக்காரராக இறக்கியிருந்த சேமஸ் டார்பி, லியம் கானர் உயரே அனுப்பிய பந்தைப் பிடித்து, திரும்பி, வலைக்குள் அறைந்தார். தடுப்பாளர் டாமி டாயிலை அவர் முதுகில் தள்ளினாரா என்ற வாதம் அயர்லாந்தில் இன்றும் ஓயவில்லை. ஆஃபலி 18, கெர்ரி 17.

'லாங்ஃபோர்டு லீடர்' வார இதழை நடத்தியவர், 'ஐரிஷ் இன்டிபென்டென்ட்' நாளிதழில் நெடுங்காலம் பத்தி எழுதியவர் மக்கீ. கேலிக் ஆட்டங்களை நடத்தும் சங்கத்தின் தலைமையைக் கண்டிக்க வேண்டிய இடத்தில் தயங்காமல் கண்டித்த எழுத்து அது. அந்தச் சங்கமே 2012-இல் விதிகளைச் சீரமைக்கும் குழுவுக்கு அவரைத் தலைவராக்கியது. வேண்டுமென்றே எதிராளியை இழுத்து வீழ்த்துபவரை வெளியேற்றும் கறுப்பு அட்டை, அக்குழுவின் பரிந்துரைப்படி 2014-இல் நடைமுறைக்கு வந்தது. 2019 மே மாதம் மக்கீ காலமானார்.