துக்க வீட்டில் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள்

மரணம் நேர்ந்த வீட்டில் அழுகை அடங்குமுன்பே கேள்விகள் எழுந்துவிடுகின்றன. அடக்கம் எப்போது? வெளிநாட்டில் இருக்கும் மகன் வந்து சேரும்வரை உடலை வைத்திருப்பதா? பங்குத்தந்தைக்கு யார் தகவல் சொல்வது? புதைப்பதா, எரிப்பதா? பிறந்த வீட்டுக் கோடியை ஏற்பதா? மேளம் வைப்பதா? ஊர்வலம் எந்தத் தெரு வழியே போவது? இவை அனைத்திற்கும் சில மணி நேரத்திற்குள் விடை கண்டாக வேண்டும். துயரில் மூழ்கியிருப்போரால் ஆற அமரச் சிந்திக்க இயலாது. ஆகவே, "வழக்கப்படி செய்துவிடுங்கள்" என்று பெரியவர் ஒருவர் சொல்லும் சொல்லே தீர்ப்பாகிவிடுகிறது.

இக்கேள்விகளில் நாணுவதற்கு ஒன்றுமில்லை. விசுவாசத்தின் தந்தை என நாம் போற்றும் ஆபிரகாம், மனைவி சாராவின் உடலருகே அழுது எழுந்ததும் செய்த முதற்செயல் கல்லறைக்கு இடம் தேடியதே. அந்நிய நாட்டில் அந்நியனாக நின்று, எப்ரோனிடம் மக்பேலா நிலத்தை 400 வெள்ளிக் காசுக்குப் பேசி வாங்கினார் என்று தொடக்க நூல் கூறுகிறது. துயரத்தின் நடுவே நிலத்திற்கு விலை பேசியதை மறைநூல் மறைக்கவில்லை. அதற்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியிருக்கிறது.

ஆயினும், "வழக்கப்படி" என்ற சொல்லை அவ்வளவு எளிதில் விட்டுவிட இயலாது. எவருடைய வழக்கம்? எந்த வழக்கம்? இவ்வினாவை முன்னிட்டுக் கத்தோலிக்கத் திருச்சபை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வாதாடியது. அந்த வாதம் தொடங்கிய ஊர் நம் மதுரை.

முதற் கேள்வி

1606-ஆம் ஆண்டு இத்தாலிய நாட்டு இயேசு சபைத் துறவி இராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தார். தத்துவ போதகர் என்று தமிழகம் அறிந்த அவர், காவியுடுத்து, தமிழும் வடமொழியும் கற்று, இந்நாட்டுத் துறவியரைப்போல வாழ்ந்தார். தம்மிடம் திருமுழுக்குப் பெற்றோர் பூணூலையும் குடுமியையும் சந்தனத்தையும் விட்டுவிட வேண்டியதில்லை என்றார். அவருக்கு முன்பே மதுரையில் பணியாற்றிவந்த கொன்சாலோ பெர்னாண்டஸ் அடிகள் இதனை ஏற்கவில்லை. இவை யாவும் பிற சமயச் சின்னங்களே என்று மெய்ப்பிக்கும் நோக்குடன், பிராமணர்களின் சடங்குகளை விரித்துரைக்கும் நூல் ஒன்றை 1616-இல் போர்த்துக்கீசிய மொழியில் எழுதினார்.

நொபிலியின் வாதம் எளிமையானது. மனிதர் செய்வன எல்லாம் வழிபாடு ஆகா. உடை, உணவு, நீராடல், மதிப்பின் அடையாளங்கள் ஆகியவை நாட்டு வழக்கங்கள். அவற்றோடு பொய் வழிபாடு கலந்திருப்பின் அக்கலப்பை நீக்கலாம். வழக்கத்தையே அழிக்க வேண்டியதில்லை. ஆகவே ஒவ்வொரு செயலையும் நோக்கி, "இது வழக்கமா, வழிபாடா?" என்று கேட்க வேண்டும். இதுவே மதுரை நமக்குத் தந்த முதற் கேள்வி.

வழக்கு கோவாவைக் கடந்து உரோமை சென்றது. 1623-ஆம் ஆண்டு சனவரி 31-ஆம் நாள் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி தம் தீர்ப்பை வழங்கினார். மூடநம்பிக்கைக் கலப்பின்றிப் பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவற்றைப் பின்பற்றலாம் என்பது அதன் சாரம். நொபிலி வென்றார்.

மறக்கப்பட்ட மறுபாதி

அத்தீர்ப்பில் இன்னொரு பகுதியும் உண்டு; அதனைப் பலர் நினைவில் கொள்வதில்லை. உயர்குலத்தவர் என்று தம்மைக் கருதிக்கொள்ளும் கிறிஸ்தவர்கள் எளியோரை இகழக்கூடாது. சிறப்பாக இறைவார்த்தை கேட்கவும் அருளடையாளங்களைப் பெறவும் கூடும் இடங்களில் இகழக்கூடாது என்று திருத்தந்தை அதே மடலில் மன்றாடிக் கேட்டுக்கொண்டார். ஆக, ஒரு வழக்கத்தை ஏற்குமுன் கேட்க வேண்டிய இரண்டாம் கேள்வியும் அங்கேயே பிறந்துவிட்டது: "இதனால் யாரேனும் இழிவுபடுகிறாரா?"

முதற் கேள்விக்குக் கிடைத்த கவனம் இரண்டாம் கேள்விக்குக் கிடைக்கவில்லை. சாதியைச் சமுதாய வழக்கம் என்று கணக்கிட்டபோது, அது வழிபாடன்று என்ற காரணத்தாலேயே ஆலய வாசலைக் கடந்து உள்ளே வந்துவிட்டது. 1640-இல் பல்தசார் தா கோஸ்தா அடிகள் தொடங்கிவைத்த பண்டாரசாமிகள் என்னும் மறைப்பணியாளர் நிலை, ஒடுக்கப்பட்டோருக்கும் பணிபுரிய வழி திறந்தது உண்மையே. ஆனால் பிரிவினை நீங்கவில்லை.

1703-இல் திருத்தந்தையின் தூதராகப் புதுச்சேரியில் வந்திறங்கிய தூர்னோன், மறுஆண்டு சூன் மாதம் 16 விதிகள் கொண்ட ஆணையைப் பிறப்பித்தார். உள்நாட்டுப் பங்குகளை நேரில் காணாமலே பல வழக்கங்களை அவர் தடைசெய்தார் என்ற குறை அவர்மீது உண்டு. ஆயினும், தாழ்த்தப்பட்டோர் நோயுற்று மரணப்படுக்கையில் கிடந்தால் குருக்கள் அவர்தம் இல்லத்திற்கே சென்று அருளடையாளங்களை வழங்க வேண்டும் என்ற விதியும் அவற்றுள் ஒன்று. இன்று நாம் இயல்பாக எதிர்பார்க்கும் நோயில்பூசுதலுக்கு அன்று ஆணை தேவைப்பட்டது! 1744-இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் மலபார் சடங்குகள் என்று பெயர்பெற்ற இவ்வழக்கை முடித்துவைத்தார். ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்றே தனியாகக் குருக்களை அமர்த்துவது என்ற ஏற்பாட்டை ஏற்றார். சடங்குகளைப் பற்றிய விதிகளைக் கடைப்பிடிப்பதாக மறைப்பணியாளர்கள் ஆணையிட்டு உறுதி கூறும் முறை 1940 வரை நீடித்தது.

இத்தனை நீண்ட வரலாற்றுக்கும் நம் வீட்டு மரணத்திற்கும் என்ன தொடர்பு? மேலே கண்ட இரு கேள்விகளையும் துக்க வீட்டிற்குக் கொண்டுவந்து பார்த்தால் தொடர்பு விளங்கும்.

வழக்கமா, வழிபாடா?

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏட்டில், அடக்கச் சடங்கு கிறிஸ்தவ மரணத்தின் பாஸ்கா இயல்பைத் தெளிவாகக் காட்ட வேண்டும் என்றும், அந்தந்த நாட்டின் நிலைக்கும் மரபுக்கும் ஏற்ப அமைய வேண்டும் என்றும் பணித்தது. அதன்படி 1969-இல் வெளிவந்த புதிய அடக்கச் சடங்குமுறை, வீடு, ஆலயம், கல்லறை என்னும் மூன்று நிலைகளையும் வழிபாட்டிற்குரிய இடங்களாக ஏற்றது. குருவோ திருத்தொண்டரோ வர இயலாத நிலையில், வீட்டிலும் கல்லறையிலும் பொதுநிலையினர் ஒருவரே செபங்களை நடத்தவும் அது இடமளித்தது. ஆண்டுக்கு ஓரிரு முறையே குருவைக் கண்ட நம் சிற்றூர்களில் வேதியர்களும் உபதேசியார்களும் முன்னாளில் ஆற்றிய பணியே அது.

ஆகவே, உடலைக் குளிப்பாட்டுவதும், மாலை இடுவதும், கோடி போர்த்துவதும், ஒப்பாரியில் நெஞ்சின் பாரத்தை இறக்குவதும் அன்பின் வழக்கங்கள். அவற்றைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. நல்ல நேரம் பார்த்து எடுப்பதும், இறந்தவரின் ஆவி தீங்கு செய்யும் என்று அஞ்சிக் கழிப்புச் செய்வதும் உயிர்ப்பின்மேல் நாம் கொண்ட விசுவாசத்தோடு பொருந்தாதவை. மூன்றாம், ஏழாம், முப்பதாம் நாள் திருப்பலிகளோ திருச்சபையின் தொன்மையான மரபு.

எரிப்பதா, புதைப்பதா என்ற கேள்விக்கும் முதற் கேள்வியே வழிகாட்டுகிறது. 1886-இல் உரோமை தகனத்தைத் தடைசெய்தது. ஐரோப்பாவில் அதனைப் பரப்பியவர்களுள் பலர் திருச்சபையை எதிர்க்கும் அடையாளமாகவே அதனைக் கையாண்டனர். அந்நிலை மாறியதும் 1963-இல் தடை தளர்ந்தது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1176-ஆம் சட்டம், புதைப்பதையே ஆர்வத்தோடு பரிந்துரைக்கிறது. கிறிஸ்தவப் போதனைக்கு எதிரான நோக்கமின்றித் தேர்ந்தால் தகனத்தைத் தடுப்பதில்லை. எனவே தத்தனேரி மின்மயானத்திற்குச் செல்லும் கத்தோலிக்கக் குடும்பத்தைக் குறை கூற எவருக்கும் உரிமையில்லை. ஆனால் சாம்பலைப் பற்றி முன்கூட்டியே அறிந்திருத்தல் நலம். அதனைக் கல்லறைத் தோட்டம் போன்ற புனித இடத்தில் வைக்க வேண்டும். ஆற்றில் கரைப்பதோ காற்றில் தூவுவதோ ஆகாது என்று 2016-இல் வெளியான அறிவுறுத்தல் கூறுகிறது. 2023 டிசம்பரில் வந்த விளக்கம், தக்க சூழ்நிலையில், இறந்தவரின் வாழ்வோடு தொடர்புடைய ஓரிடத்தில் சாம்பலின் சிறு பகுதியை வைத்துக்கொள்ள ஆயர் இசைவளிக்கலாம் என்று சற்றே இடம் தந்தது.

யாரேனும் இழிவுபடுகிறாரா?

முதற் கேள்வியில் தேறிவிடும் சில வழக்கங்கள் இரண்டாம் கேள்வியில் தோற்றுவிடுகின்றன. அங்கேதான் நம் மனச்சான்றுக்குச் சோதனை.

கணவனை இழந்தவளின் தாலியைக் கழற்றி, பூவையும் பொட்டையும் அகற்றி, கூட்டத்தின் நடுவே அவளை அமரவைக்கும் வழக்கத்தை எண்ணிப் பாருங்கள். தாலியில் எந்த உருவம் இருக்கலாம் என்று 1704-இல் விதி வகுத்தார்கள். பிள்ளையார் உருவம் நீங்கிச் சிலுவை வந்தது. உருவம் மாறினாலும், கழற்றப்படும்போது அப்பெண் அடையும் வேதனை மாறிவிட்டதா? சிலுவை பொறித்த தாலியை, சிலுவையில் நம்பிக்கை கொண்டவளிடமிருந்து பறிக்க வேண்டிய காரணம் என்ன? இது வழிபாடன்று, வழக்கமே. ஆனால் இழிவுபடுத்தும் வழக்கம்.

கல்லறைத் தோட்டத்தின் எல்லைக்கோடும் அத்தகையதே. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் கத்தோலிக்கரின் கல்லறைகளைப் பிரித்து நின்ற சுவரை நாடே அறிந்தது. சுவர் இல்லாத ஊரிலும் எல்லை இருக்கக்கூடும். யாருடைய ஊர்வலம் எந்தத் தெருவிற்குள் வரலாம், பங்கின் தூம்பா யாருக்குக் கிடைக்கும், குழி வெட்டுவதும் பறை அடிப்பதும் யார் கடமை என்பவற்றில் அது மறைந்திருக்கும். பறையின் ஓசையில் குற்றமில்லை. கலைஞனாக மதித்து, இசைவு கேட்டு, கூலி பேசி அழைத்தால் அது கலை. பிறப்பைக் காட்டிக் கட்டாயப்படுத்தினால் அது அடிமைத்தனம்.

இதில் சட்டமும் திருச்சபையும் ஒரே குரலில் பேசுகின்றன. 1955-இல் இயற்றப்பட்டு இன்று குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என வழங்குவது, தீண்டாமையைக் காட்டி இடுகாட்டையோ சுடுகாட்டையோ ஒருவருக்கு மறுப்பதைக் குற்றமாக்கியது. 1982-இல் திருச்சியில் கூடிய இந்திய ஆயர் பேரவை, சாதிக்குக் கிறிஸ்தவத்தில் இடமில்லை என்று அறிவித்தது. 2003 நவம்பரில் உரோமைக்குச் சென்ற தமிழக ஆயர்களிடம் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இக்குறையைத் தனியே எடுத்துரைத்து, சாதிப் பிரிவினையை நிலைநிறுத்தும் வழக்கங்களைச் சீர்திருத்துமாறு கேட்டுக்கொண்டார். 1623-இல் ஒரு திருத்தந்தை மன்றாடியதை 380 ஆண்டுகளுக்குப் பின் இன்னொரு திருத்தந்தை மீண்டும் கேட்க வேண்டியிருந்தது என்பது நமக்குப் பெருமை தருவதன்று.

செல்வத்தால் வரும் வேற்றுமையும் உண்டு. முன்னாளில் பல நாடுகளில் முதல் தரம், இரண்டாம் தரம் என்று கட்டணத்திற்கேற்ப அடக்கச் சடங்குகள் நடந்தன. திருவழிபாட்டில் தனியாட்களுக்கோ வகுப்பினருக்கோ சிறப்பு மரியாதை கூடாது என்று சங்கம் விதித்தது. ஏழைகள் தகுந்த அடக்கமின்றி விடப்படக்கூடாது என்கிறது 1181-ஆம் சட்டம்.

தோட்டத்தின் ஓரத்திற்குத் தள்ளப்பட்ட வேறு சிலரையும் நினைக்க வேண்டும். தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டோருக்கு 1917-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு திருச்சபை அடக்கத்தை மறுத்திருந்தது. 1983-ஆம் ஆண்டுத் தொகுப்பில் அந்தத் தடை இல்லை. திருமுழுக்குப் பெறுமுன் இறந்த குழந்தைக்கு, பெற்றோர் அதனைத் தர எண்ணியிருந்தால், ஆயரின் இசைவோடு அடக்கச் சடங்கு நிகழ்த்தலாம். இதனை அறியாமல் இரவோடு இரவாகப் புதைத்துவிட்டு வாழ்நாளெல்லாம் குற்ற உணர்வில் வாடும் தாய்க்கு இச்செய்தியைச் சொல்வது நம் கடமை.

முன்கூட்டிப் பேசுவோம்

மரணம் நேர்ந்த பின் இவற்றைப் பேச நேரமிராது. ஆகவே நலமாயிருக்கும்போதே வீட்டில் பேசுவது நன்று. எங்கே, எவ்வாறு அடக்கம் செய்ய வேண்டும், எந்த வழக்கம் வேண்டாம் என்பதை ஒரு தாளில் எழுதிப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடலாம். "என் மனைவியின் தாலியைக் கழற்ற வேண்டாம்" என்று ஒரு கணவர் எழுதி வைத்தால், அச்சொல்லை மீற எந்த உறவினர் துணிவார்?

வீட்டில் நேரும் மரணத்திற்கு மருத்துவரின் சான்று வேண்டும். விபத்து, தற்கொலை, ஐயத்திற்குரிய மரணம் எனில் காவல் துறைக்குத் தெரிவித்து, உடற்கூறு ஆய்வு முடிந்த பின்பே அடக்க நேரத்தைக் குறிக்க இயலும். இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். திருமுழுக்குப் பெயர் ஒன்று, ஆதாரில் பெயர் ஒன்று, வீட்டில் அழைத்த பெயர் ஒன்று என்றிருப்பதால் பிற்பாடு ஓய்வூதியத்திற்கும் சொத்துக்கும் அலைய நேரிடும். பதிவின்போதே கவனிக்க வேண்டும். இறந்தோர் பதிவேடு ஒன்றைப் பங்குத்தந்தையர் வைத்திருக்க வேண்டும் என்று 1614-ஆம் ஆண்டு உரோமைச் சடங்கு நூலே பணித்தது. அப்பதிவேட்டில் பெயர் ஏறியதா என்று கேட்டறிவதும் குடும்பத்தின் பொறுப்பு.

இவை குடும்பத்தின் வேலை. பங்கின் வேலை ஒன்றும் உண்டு. எல்லாருக்கும் ஒரே மணி, ஒரே தூம்பா, ஒரே பாதை, ஒரே தோட்டம் என்பதைப் பங்குப் பேரவை மரணம் இல்லாத ஒரு நாளில் தீர்மானித்து எழுதி வைக்கட்டும். துக்க வீட்டின் வாசலில் நின்று அதனை வாதாடுவது மரித்தவருக்கு மரியாதையாகாது.

நம் ஆண்டவருக்கென்று சொந்தக் கல்லறை இல்லை. ஊருக்கு வெளியே, குற்றவாளி என்று தீர்ப்பிடப்பட்டு இறந்தவரின் உடலை, மதிப்பிற்குரிய அரிமத்தியா ஊர் யோசேப்பு துணிந்து கேட்டு வாங்கித் தமக்கென வெட்டிவைத்த புதுக் கல்லறையில் வைத்தார். தம் குலத்தார் என்ன சொல்வர் என்று அவர் தயங்கியிருந்தால் அந்தக் கல்லறைக்கு வரலாறே இருந்திராது. நம் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் நாளை ஒரு குழி வெட்டப்படும்போது, யோசேப்பு கொடுத்த அந்த இடம் நம் நினைவுக்கு வரட்டும்.