ஸாஸானின் பள்ளிக்கூடம்

சென்ற ஆண்டு அரபு இலக்கிய வகுப்பில், அல்-ஹரீரீயின் மகாமாத்தில் நாற்பத்தொன்பதாம் மகாமாவை ஓதி முடித்த வேளையில், பதினாறு வயது மாணவர் ஒருவர் எழுந்து, "ஹஜ்ரத், அந்த மகன் பிறகு என்ன ஆனான்?" என்று கேட்டார். இருபத்தைந்து ஆண்டுகளாக அந்நூலை ஓதுவித்து வரும் நாம் விடையின்றிச் சற்று நேரம் வாளாவிருந்தோம். அந்த விடையைத் தேடிச் சென்ற வழியில் கண்டவற்றை இங்கே வாசகர் முன் வைக்கின்றோம்.

பஸரா நகரத்து அல்-ஹரீரீ 1054இல் பிறந்து 1122இல் மறைந்தவர். அவர் இயற்றிய மகாமாத், ஓசை நயம் மிக்க உரைநடையும் பாட்டும் கலந்த ஐம்பது சிறு கதைகளின் தொகுப்பாகும். இந்திய மதரஸாக்கள் பலவற்றில் அது நெடுங்காலமாகப் பாடநூலாக விளங்கி வருகிறது. ஸரூஜ் என்னும் ஊரைச் சேர்ந்த அபூஸைது அதன் நாயகர். நாவன்மையில் நிகரற்றவர்; ஆனால் அந்நாவன்மையைக் கொண்டு ஊர்தோறும் மக்களை ஏய்த்துப் பிழைப்பவர். அடக்கத்தலத்தில் நின்று மரணத்தைப் பற்றி உருக்கமாகப் போதிப்பார். கேட்போர் கண்ணீர் உலருமுன் அவர்தம் காசுகள் இவர் பைக்குள் போய்விடும். மஅர்ரா நகரத்துக் காதியின் முன் அவரும் அவர் மகனும் வாதி, பிரதிவாதியாக வந்து நின்று, ஊசியையும் சுருமாக் கோலையும் வைத்து இருபொருள்பட வழக்காடுவர். காதி தம் கையிலிருந்தே பொருள் கொடுத்து வழக்கைத் தீர்ப்பார். அவர்கள் தந்தையும் மகனும் என்பது பிறகே அவருக்குத் தெரிய வரும். அம்மகனின் பள்ளிக்கூடம் அதுவே.

நாற்பத்தொன்பதாம் மகாமாவில் அபூஸைது முதுமை எய்திவிட்டார். மகனை அருகழைத்து வஸிய்யத்துச் செய்கிறார். ஆட்சிப் பதவி, வணிகம், வேளாண்மை, கைத்தொழில் ஆகிய நான்கையும் தாம் ஆராய்ந்து பார்த்ததாகவும், ஒவ்வொன்றிலும் ஒரு துன்பம் இருக்கக் கண்டதாகவும் சொல்கிறார். முதலீடு வேண்டாத, வரி செலுத்த வேண்டாத, எவர் ஆட்சி மாறினும் நலியாத தொழில் ஸாஸானின் தொழில் ஒன்றே என்கிறார். காகத்தைப் போல் வைகறையில் எழவும், சிங்கத்தின் துணிவையும் நரியின் சூழ்ச்சியையும் ஒட்டகத்தின் பொறுமையையும் பூனையின் குழைவையும் கைக்கொள்ளவும் மகனுக்குக் கற்பிக்கிறார். மகன் பணிவோடு ஏற்றுக்கொள்கிறான். ஸாஸானின் கூட்டத்தார் இந்த வஸிய்யத்தை லுக்மானின் அறிவுரைகளுக்கும் மேலாக மதித்தனர் என்றும், சூரத்துல் ஃபாத்திஹாவை மனனம் செய்வதுபோல் மனனம் செய்து தம் சிறுவர்க்குக் கற்பித்தனர் என்றும் சொல்லி ஹரீரீ முடிக்கிறார். லுக்மானும் தம் மகனுக்கே அறிவுரை பகர்ந்தார் என்பதை நினைத்துப் பார்ப்போர்க்கு இந்த ஒப்புமையின் கசப்பு விளங்கும்.

இக்கூட்டம் கவிஞரின் கற்பனைதானோ என்று எண்ண வேண்டா. ஸாஸானின் மக்கள், அதாவது பனூ ஸாஸான், என்ற பெயர் பிச்சைக்காரர், வித்தைக்காரர், போலி மருத்துவர், போலி ஞானியர் அனைவர்க்கும் வழங்கிய பொதுப்பெயராகும். அரசுரிமை மறுக்கப்பட்டு நாடோடியான ஸாஸான் என்ற பாரசீக இளவரசனே தம் மூதாதை என்று அவர்கள் பெருமை பேசிக்கொண்டனர்.

ஹரீரீக்கு இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன்பே, அதே பஸராவில், பேரறிஞர் ஜாஹிழ் தம் 'கஞ்சர்கள்' நூலில் காலித் இப்னு யஸீது என்பவனைக் காட்டுகிறார். பெருஞ்செல்வனான அவன் ஒருநாள் செப்புக் காசென்று எண்ணி வெள்ளித் திர்ஹம் ஒன்றை இரவலனுக்குக் கொடுத்துவிட்டு, உடனே அதைத் திரும்பப் பெற்றுச் செப்புக் காசையே கொடுத்தானாம். கண்டவர்கள் பழித்தபோது, இக்கூட்டத்தின் ஒவ்வொரு வகையையும் தான் உள்ளிருந்தே அறிந்தவன் என்றான். அவனும் சாகும் தறுவாயில் தன் மகனுக்கு வஸிய்யத்துச் செய்தான்.

அதனை அடுத்து ஜாஹிழ் அக்கூட்டத்தின் வகைகளை விளக்குகிறார். ஒருவன் துறவிக் கோலத்தில் வந்து, பாங்கு சொன்ன குற்றத்திற்காகக் கலகத் தலைவன் பாபக் தன் நாவை அறுத்துவிட்டதாகக் குறிப்பால் உணர்த்துவான். வாயைத் திறந்து காட்டும்போது நாவே தென்படாது. உண்மையிலோ அது உள்ளே மடிந்து கிடக்கும். தாமும் அவனிடம் ஏமாந்ததாக ஜாஹிழ் ஒளியாமல் ஒப்புக்கொள்கிறார். இன்னொருவனின் தொழிலைப் படிக்கையில் நெஞ்சம் நடுங்குகிறது. அவன் குழந்தையைப் பிச்சைக்கு உதவும்படி ஊனமாக்கித் தருபவன். சில வேளை பெற்றோரே அக்குழந்தையைக் கூலிக்கு விட்டனராம். நகைச்சுவையாய்த் தொடங்கும் பட்டியல் இங்கே வந்ததும் நம் சிரிப்பு அடங்கிவிடுகிறது. இப்பள்ளியில் சேர்க்கப்பட்ட பிள்ளைகள் அனைவரும் அபூஸைதின் மகனைப் போல் நாவன்மை கற்றவர்கள் அல்லர்.

பத்தாம் நூற்றாண்டில் அபூதுலஃப் என்னும் நாடோடிக் கவிஞர் இக்கூட்டத்தின் மறைமொழியிலேயே நெடுங்கவிதை ஒன்றைப் பாடி, அதற்குத் தாமே உரையும் எழுதினார். புவைஹிய அமைச்சரும் கல்விமானுமான ஸாஹிப் இப்னு அப்பாது (மறைவு 995) அம்மறைமொழியில் பெருவிருப்பம் கொண்டிருந்தார். கள்ளர் மொழி அமைச்சரின் அவையில் விருந்தாயிற்று! தஆலிபீயின் தொகைநூலில் அக்கவிதை நிலைபெற்றது. ஆங்கில அறிஞர் பாஸ்வர்த் 1976இல் அதை ஆராய்ந்து இரு பாகங்களாக நூல் வெளியிட்டார்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் திமிஷ்கு நகரத்து ஜவ்பரீ, அர்த்துகிய மன்னர் மஸ்ஊதின் விருப்பத்திற்கிணங்கி, ஏமாற்றுக்காரரின் இரகசியங்களை முப்பது அத்தியாயங்களில் அம்பலப்படுத்தினார். ஹர்ரானில் நடந்ததாக அவர் சொல்லும் நிகழ்ச்சி இது: வெள்ளிக்கிழமையன்று அரச உடை அணிந்த குரங்கொன்று கோவேறு கழுதை மீது, ஏவலர் புடைசூழப் பள்ளிவாசலுக்கு வருகிறது. ஸலாம் சொல்வதுபோல் சாடை காட்டுகிறது, பல் துலக்குகிறது, தொழுவதுபோல் குனிந்து நிமிர்கிறது. இவர் இந்திய நாட்டு இளவரசர் என்றும், மனைவியின் சூனியத்தால் இவ்வுரு அடைந்தார் என்றும், சூனியம் நீங்கப் பெரும்பொருள் வேண்டும் என்றும் ஏவலன் அறிவிக்கிறான். அப்போது குரங்கு கைக்குட்டையால் முகத்தை மூடி அழுகிறது. மக்கள் அள்ளிக் கொடுக்கின்றனர். அக்குரங்குக்குக் கற்பித்த ஆசிரியனின் பொறுமையை எண்ணிப் பாருங்கள்! நல்ல பணிக்கு அது பயன்பட்டிருந்தால் எத்தனை பிள்ளைகள் கல்வி பெற்றிருப்பார்கள்!

ஜாஹிழும் ஜவ்பரீயும் காட்டும் சூதுகளை ஒருங்கே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். இப்பள்ளியின் மூலதனம் மக்களின் பேராசை மட்டுமன்று. பெரும்பாலும் அது மக்களின் நற்குணமே ஆகும். தர்மம் செய்யும் கை இல்லாத ஊரில் ஸாஸானின் மக்கள் ஒரு நாளும் பிழைத்திருக்க முடியாது. ஹரீரீயின் நூல் பிறந்த வரலாறும் இதற்குச் சான்று. பனூ ஹராம் பள்ளிவாசலில் கந்தலாடை அணிந்த முதியவர் ஒருவர், தாம் ஸரூஜிலிருந்து வருவதாகவும், எதிரிகள் தம் மகளைச் சிறைபிடித்துச் சென்றதாகவும் அழகிய மொழியில் முறையிட்டாராம். அதைக் கண்டே தம் தந்தை முதல் மகாமாவை எழுதியதாக ஹரீரீயின் மகன் சொன்ன செய்தி பதிவாகியுள்ளது. 1101இல் சிலுவைப் போராளிகள் ஸரூஜைக் கைப்பற்றியது வரலாறு. எனவே மகளை உண்மையாகவே பறிகொடுத்த தந்தையரும் அந்நாளில் இருந்திருப்பர். பொய்யன் ஒருவன் அழுதுவிட்டுச் சென்ற பள்ளிவாசலில், மறுநாள் மெய்யாகவே அழுபவனின் சொல் எடுபடுமா? திருடன் கொண்டு சென்றது காசு மட்டுமன்று. அடுத்து வரும் ஏழைக்குரிய நம்பிக்கையையும் கொண்டு சென்றான்.

இப்பள்ளி இன்றும் மூடப்படவில்லை. வெளிநாட்டில் கணினி வேலை என்று சொல்லி, படித்த இளைஞரை அழைத்துச் சென்று, வேலியிட்ட வளாகங்களில் அடைத்து, முகமறியாதவர்களைத் தொலைபேசி வழியே ஏமாற்றப் பழக்குகிறார்கள். மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும், கம்போடியாவில் ஏறத்தாழ 1,00,000 பேரும் இவ்வாறு வற்புறுத்தப்படுவதாக ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் 2023இல் மதிப்பிட்டது. 2022இல் மியான்மரிலிருந்து மீட்கப்பட்டு ஊர் திரும்பியோருள் தமிழக இளைஞரும் உண்டு. மொழியறிவும் பேச்சுத் திறனும் உள்ள பிள்ளைகளையே அவர்கள் நாடுகிறார்கள். அபூஸைது நாடியதும் அதையே. நம் வீட்டில் நன்றாகப் படிக்கும் பிள்ளையே அவர்களுக்கும் வேண்டியவன் என்பதைப் பெற்றோர் மறத்தலாகாது.

இனி மாணவரின் கேள்விக்கு வருவோம். ஐம்பதாம் மகாமாவில் அபூஸைது பஸராப் பள்ளிவாசலில் நின்று, தம் பாவமன்னிப்புக்காகத் துஆச் செய்யுமாறு மக்களை வேண்டுகிறார். அதுவும் ஒரு சூதாகவே தொடங்குகிறது. ஆனால் மக்களின் துஆ அவர் உள்ளத்தை மெய்யாகவே மாற்றிவிடுகிறது. ஸரூஜுக்குத் திரும்பித் தொழுகையிலும் அழுகையிலும் அவர் நாளைக் கழிக்கிறார். மகன் என்ன ஆனான் என்பதை ஹரீரீ சொல்லவில்லை. வஸிய்யத்து ஓர் அத்தியாயம். தௌபா அடுத்த அத்தியாயம். தந்தை திரும்பி வந்துவிட்டார். தந்தை கற்பித்த பாடமோ மகனோடு போய்விட்டது.

மறுவாரம் வகுப்பில் இதனையே சொன்னோம். மாணவர் சற்றுச் சிந்தித்துவிட்டு, "அப்படியானால், தௌபாச் செய்த அன்றே அவர் மகனைத் தேடிப் புறப்பட்டிருக்க வேண்டும், ஹஜ்ரத்" என்றார். நம் பிரதியில் ஐம்பதாம் மகாமாவின் ஓரத்தில் அச்சொல்லை ஹாஷியாவாக எழுதி வைத்துள்ளோம்.