முப்பது நாளும் ஏழு நாளும்: இந்தியாவின் வறுமைக் கணக்கு

1991 யூலை 24 ஆம் திகதி அன்றைய நிதியமைச்சர் மன்மோகன் சிங் சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டத்தோடு இந்தியா சந்தைப் பொருளாதாரத்தின் பக்கம் திரும்பியது. அதனால் ஏழைகள் குறைந்தார்களா, பெருகினார்களா என்ற வாதம் அடுத்த பதினைந்து ஆண்டுகள் ஓயவில்லை. பத்திரிகைத் தொழிலில் இருந்த எமக்கு அது கட்சி அரசியலின் வாதமாகவே தோன்றியது. உண்மையில் அதன் வேர் ஒரு வினாக்கொத்தின் இரண்டு நிரல்களில் இருந்தது.

இந்தியாவின் வறுமைக் கோடு 1979 இல் ஒரு நிபுணர் குழு வகுத்தது. கிராமத்தவருக்கு நாளொன்றுக்கு 2400 கலோரி, நகரத்தவருக்கு 2100 கலோரி என்பது அதன் அடிப்படை. அந்த அளவு உணவை உண்பவர்களின் மாதச் செலவு 1973-74 விலைகளில் கிராமத்தில் 49 ரூபா, நகரத்தில் 57 ரூபா எனக் கணிக்கப்பட்டது. பின்னர் விலைவாசிக்கேற்ப அது உயர்த்தப்பட்டது. மக்கள் செய்யும் செலவைத் தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம் வீடு வீடாகச் சென்று கேட்டறிந்தது. "கடந்த முப்பது நாட்களில் என்ன உண்டீர்கள்?" என்பதே அதன் வழமையான கேள்வி.

இந்த முறையில் 1993-94 இல் நூற்றுக்கு 36 வீதத்தினர், அதாவது 320 மில்லியன் மக்கள், ஏழைகள். அதன் பின்னர் 1994 முதல் 1998 வரை நடந்த சிறிய ஆய்வுகளில் ஒரு பரிசோதனை செய்யப்பட்டது. பாதி வீடுகளில் பழைய கேள்வி. மறுபாதியில் உணவுக்கு மட்டும் "கடந்த ஏழு நாட்களில்" என்ற கேள்வி. ஏழு நாட் கணக்கில் மக்கள் கூடுதலான செலவைச் சொன்னார்கள். கணக்கில் ஏழைகளின் தொகை ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கியது. எவருடைய பானையிலும் ஒரு பிடி அரிசி கூடவில்லை.

முப்பது நாட்களில் ஞாபகம் மங்கும் என்றது ஒரு தரப்பு. ஏழு நாள் என்றால் முந்திய வாரத்துச் செலவும் அதற்குள் வந்து விழும் என்றது மறுதரப்பு. 1950களில் மகலனோபிஸ் வங்காளத்து வீடுகளில் உணவை நிறுத்துப் பார்த்தபோது, அரிசிக்கு மாதக் கணக்கே உண்மைக்கு அண்மையாக இருந்தது.

1999-2000 பேராய்வில் இரண்டு கேள்விகளும் ஒரே வீட்டில், அடுத்தடுத்த நிரல்களில் கேட்கப்பட்டன. ஒன்றுக்குச் சொன்ன பதில் மற்றதையும் தொற்றிக்கொள்ளும் என்பதே பலரது ஆட்சேபம். வெளிவந்த எண் 26 வீதம், 260 மில்லியன். ஆறே ஆண்டுகளில் 60 மில்லியன் ஏழைகள் மறைந்திருந்தார்கள்.

அங்கஸ் டீட்டன், கேள்வி மாறாத எரிபொருள் போன்ற செலவுகளை வைத்துக் கணக்கைத் திருத்தினார். வறுமை குறைந்தது மெய், ஆனால் அரசு சொன்ன அளவுக்கல்ல என்பது அவர் முடிவு. அபிஜித் சென் போன்றோர் வீழ்ச்சி மிகச் சொற்பமே என்றார்கள். 2004-05 இல் பழைய முறையிலேயே அளந்தபோது 27.5 வீதம், 302 மில்லியன். ஐந்து ஆண்டுகள் கழிந்தும் 26 ஐ எட்டவில்லை.

இது பொருளியலாளரின் சண்டை மட்டுமாக இருந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். 1997 யூனில் இந்திய அரசு நியாயவிலைக் கடைகளின் மலிவுத் தானியத்தை வறுமைக் கோட்டின் கீழுள்ள குடும்பங்களுக்கென ஒதுக்கியது. எந்த மாநிலத்தில் எத்தனை குடும்பங்கள் என்பதை முடிவுசெய்ய இந்த மதிப்பீடுகளே எடுக்கப்பட்டன. எண்ணுவதற்கு வரைந்த கோடு, அரிசி வாங்க வந்தவரைத் தடுக்கும் வேலியாயிற்று. தமிழ்நாடு அதை ஏற்காது, கடைகளை எல்லோருக்கும் திறந்தே வைத்திருந்தது.

2009 இல் தெண்டுல்கர் குழு அதே 2004-05 ஆம் ஆண்டுக்கு 37.2 வீதம் என்றது. ஒரே ஆண்டு, அதே வீடுகள், பத்து வீத வேறுபாடு. 2011 இல், நகரத்தில் நாளொன்றுக்கு 32 ரூபா செலவிடுபவர் கோட்டைத் தாண்டியவர் என்று உச்சநீதிமன்றத்தில் சொல்லப்பட்டபோதுதான் பொதுமக்கள் கொதித்தார்கள்.

சந்தைச் சீர்திருத்தம் வறுமையைக் குறைக்கவில்லை என்று நான் வாதிடவில்லை. 36 இலிருந்து 27.5 என்பது பழைய அளவுகோலே தரும் சான்று. ஆனால் அதே அளவுகோலின்படி பதினொரு ஆண்டுகளில் தலைக்கணக்கில் குறைந்தவர்கள் 18 மில்லியன் பேரே. வீதத்தை முன்னிறுத்துவோர் இந்தத் தொகையையும் அருகில் வைத்துப் பேசுவதே நேர்மை.