பற்றிக்கொள்ளாத அன்பு

1962இல் ஸ்ரீதர் இயக்கிய ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ படத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். மருத்துவர் முரளி ஒருகாலத்தில் நேசித்த சீதா, நோயுற்ற கணவர் வேணுவோடு அவரது மருத்துவமனைக்கே வருகிறாள். கைம்பெண் மறுமணத்தை ஊர் ஏற்கத் தயங்கிய அக்காலத்தில், தாம் இறந்தால் முரளியை மணந்துகொள்ளுமாறு மனைவியை வேண்டுகிறார் வேணு. முரளியோ வேணுவைப் பிழைக்கவைத்துவிட்டுத் தாம் உயிர் துறக்கிறார். 1963இல் ஸ்ரீதரே இக்கதையை இந்தியிலும் படமாக்கினார்.

இருவரும் துறந்தது உரிமையை, அன்பையன்று. உயிர்த்த ஆண்டவர் தம்மைப் பிடித்து நிறுத்த வேண்டாமென மகதலா மரியாவுக்கு உணர்த்தியதும் இதனையன்றோ? கையை விடுவித்த பின்னரே அவர் நற்செய்தியைச் சுமந்து சென்றார்.

நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று படப்பையில் மெழுகுதிரி ஏற்றும் நாம், இறந்தோரை மறப்பதில்லை, இறைவனிடம் ஒப்படைக்கிறோம்.