பதினொரு மைல் தூரத்து வழக்கு

அண்டார்டிகாவின் தொடக்ககாலப் பயணங்களை வாசிக்கப் புகுந்தவர்கள் அதிலிருந்து எளிதில் மீள்வதில்லை. உலகெங்கும் இப்படியொரு கூட்டம் உண்டு. இவர்களில் பெரும்பாலோர் துருவப் பனியை மிதித்திராதவர்கள். ஆயினும் 1912ஆம் ஆண்டு மார்ச் மாதத்தின் இன்ன நாளில் இன்ன கூடாரத்தில் யார் யார் இருந்தனர், அடுப்புக்கு எவ்வளவு எண்ணெய் எஞ்சியிருந்தது என்பதையெல்லாம் தம் வீட்டுக் கணக்கைப் போல ஒப்பிப்பார்கள். ஷாக்கிள்டன் பிறந்த அயர்லாந்தின் கில்டேர் வட்டாரத்தில் 2001இல் இவர்களுக்கென்றே ஓர் இலையுதிர்காலப் பள்ளி தொடங்கப்பட்டது. ராய்ட்ஸ் முனையில் ஷாக்கிள்டனின் மரக்குடிலுக்கு அடியில் உறைந்து கிடந்த விஸ்கிப் பெட்டிகள் 2010இல் வெட்டியெடுக்கப்பட்டன. நூறாண்டு பழைய அந்த மதுவை ஆராய்ந்து, அதே சுவையில் ஒன்றை வடித்து விற்பனைக்கே கொண்டுவந்துவிட்டார்கள். 2022 மார்ச்சில் வெடல் கடலின் அடியில், 3008 மீட்டர் ஆழத்தில், ‘எண்டியூரன்ஸ்’ கப்பல் கண்டுபிடிக்கப்பட்டபோது இந்தக் கூட்டம் அடைந்த பரவசத்தைச் சொல்லி மாளாது.

இதை வெறும் வீர வழிபாடு என்று ஒதுக்கிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உற்று நோக்கினால் இது வழிபாட்டைவிட வழக்காடுதலையே அதிகம் ஒத்திருக்கிறது. தென் துருவத்தை முதலில் அடைந்தவர் நார்வேக்காரர் ரோல்ட் அமுண்ட்ஸென். 1911 டிசம்பர் 14 அன்று. நால்வரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு 52 நாய்களுடன் புறப்பட்டார். ஐவரும் நலமாக, 11 நாய்களுடன், 1912 ஜனவரி 25 அன்று தளத்துக்குத் திரும்பினார்கள். கச்சிதமான வேலை. ஆனால் அதில் வாதாட என்ன இருக்கிறது? முப்பத்து நான்கு நாள் பிந்தி ஜனவரி 17 அன்று துருவத்தை அடைந்து, திரும்பும் வழியில் நான்கு தோழர்களோடு மாண்டுபோன ராபர்ட் ஸ்காட்டைச் சுற்றித்தான் நூறாண்டுக்கும் மேலாக வழக்கு நடந்துவருகிறது.

1913இல் ஸ்காட்டின் நாட்குறிப்பு நூலாக வந்தபோது அவர் தியாகத்தின் திருவுரு. 1979இல் ரோலண்ட் ஹண்ட்ஃபோர்ட் ஸ்காட்டையும் அமுண்ட்ஸெனையும் ஒப்பிட்டு எழுதிய நூல் அந்தத் திருவுருவைக் கீழே தள்ளிற்று. ஸ்காட் திறமையற்ற தலைவர், தம் ஆட்களைக் கொன்றவர் என்றாயிற்று. 2001இல் வளிமண்டல அறிவியலாளர் சூசன் சாலமன், பிற்கால வானிலை நிலையங்களின் பதிவுகளோடு ஒப்பிட்டு, 1912ஆம் ஆண்டின் மார்ச் மாதம் வழக்கத்தை மீறிய குளிர் கொண்டது என்று வாதிட்டார். 2003இல் ரனுல்ஃப் ஃபைன்ஸ், தாமே துருவப் பனியில் வண்டி இழுத்தவர் என்ற உரிமையோடு, ஸ்காட்டுக்கு வக்காலத்து வாங்கினார். சாட்சிகளோ அதே பழைய நாட்குறிப்புகள்தாம்.

இந்த வழக்கில் தம்மைத் தாமே கூண்டில் ஏற்றிக்கொண்ட ஒருவர் உண்டு. அவர் ஆப்ஸ்லி செர்ரி-கரார்ட். ஸ்காட்டின் குழுவில் மிக இளையவர்களுள் ஒருவர். ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர், செல்வந்தர், கடுமையான கிட்டப்பார்வைக்காரர். குழுவில் சேர்த்துக்கொண்டால் ஆயிரம் பவுன் தருவதாகச் சொல்லியும் முதலில் மறுத்துவிட்டார்கள். அப்படியும் பணத்தைக் கொடுத்துவிட்டார். அந்தப் பெருந்தன்மையைக் கண்டு ஸ்காட் மனம் மாறினார் என்பார்கள். உதவி விலங்கியலாளர் என்ற பெயரில் 1910இல் ‘டெரா நோவா’ கப்பலில் ஏறியபோது அவருக்கு வயது 24.

அவர் 1922இல் வெளியிட்ட ‘உலகின் மிக மோசமான பயணம்’ என்ற நூல்தான் இந்தத் துறை வாசகர்களுக்கு வேதம். தலைப்பைப் பார்த்துவிட்டு ஸ்காட்டின் துருவப் பயணத்தைத்தான் சொல்கிறார் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அன்று. அவர் சொல்வது மூன்று முட்டைகளுக்காக மேற்கொண்ட பயணம்.

எம்பரர் பெங்குவின் தென் துருவத்தின் நடுக்குளிர்காலத்தில், முழு இருளில், முட்டையிடும் பறவை. அது பறவைகளுள் மிகத் தொன்மையானது என்று அக்காலத்தில் கருதினார்கள். கருவின் வளர்ச்சி அவ்வுயிரினத்தின் பரிணாம வரலாற்றை மீண்டும் நடத்திக் காட்டுகிறது என்ற எர்ன்ஸ்ட் ஹெக்கலின் கோட்பாடும் செல்வாக்கோடு இருந்தது. ஆகவே அதன் முட்டைக்குள் இருக்கும் கருவை ஆராய்ந்தால் ஊர்வனவற்றின் செதில் எப்படிப் பறவையின் இறகாயிற்று என்பது விளங்கும் என்று மருத்துவரும் விலங்கியலாளருமான எட்வர்ட் வில்சன் நம்பினார். முட்டை கிடைக்கும் இடம் குரோசியர் முனை. எவன்ஸ் முனையிலுள்ள தளத்திலிருந்து 67 மைல்.

1911 ஜூன் 27 அன்று வில்சன், ஹென்றி போவர்ஸ், செர்ரி ஆகிய மூவரும் புறப்பட்டார்கள். போவர்ஸ் ராயல் இந்தியன் மரைனில் பணியாற்றியவர். இலங்கையும் பர்மாவும் பாரசீக வளைகுடாவும் கண்டவர். அங்கிருந்து நேரே இந்தக் குளிருக்கு வந்திருந்தார் என்பதை நம்புவதற்கே கடினம். குழுவிலேயே குளிரை அதிகம் பொருட்படுத்தாதவரும் அவர்தாம்.

இரண்டு சறுக்குவண்டிகள், ஏறத்தாழ 340 கிலோ சுமை. மணல்போல் இறுகிய பனியில் இரண்டையும் சேர்த்து இழுக்க முடியவில்லை. ஒன்றை இழுத்துப்போய் வைத்துவிட்டுத் திரும்பி வந்து மற்றொன்றை இழுத்தார்கள். ஒரு மைல் முன்னேற மூன்று மைல் நடக்கவேண்டும். வெப்பநிலை மைனஸ் 60 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியது. ஒரு காலையில் கூடாரத்தை விட்டு வெளியே வந்த செர்ரி சுற்றிலும் பார்க்கத் தலையை உயர்த்தினார். அவ்வளவில் உடை உறைந்து இறுகிவிட்டது. அடுத்த நான்கு மணி நேரம் அண்ணாந்த தலையோடே வண்டி இழுத்தார். அன்று முதல் உடை உறையும் முன்பே வண்டி இழுக்கும் நிலைக்குக் குனிந்துகொள்ளப் பழகினார்களாம். இப்படிப்பட்ட செய்திகளை அவர் புலம்பலின்றி, ஒருவகை வறண்ட நகைச்சுவையோடு சொல்லிச் செல்கிறார். இந்த நூலின் கவர்ச்சி முழுவதும் அந்தத் தொனியில்தான் இருக்கிறது என்பேன்.

குரோசியர் முனையில் கல்லடுக்கிச் சுவரெழுப்பிக் கித்தானால் கூரையிட்டார்கள். பெங்குவின்களிடமிருந்து ஐந்து முட்டைகள் எடுத்தார்கள். குளிரில் கண்ணாடி அணிய இயலாமல் தட்டுத்தடுமாறி வந்த செர்ரியின் கையுறைகளுக்குள் இரண்டு உடைந்தன. பிறகு புயல் வந்தது. முதலில் வெளியே நின்ற கூடாரம் பறந்தது. அடுத்துக் கூரை கிழிந்து போயிற்று. கூடாரமின்றித் திரும்புவது இயலாது என்பது மூவருக்கும் தெரியும். தூக்கப்பைகளுக்குள் கிடந்து, மேலே பனி மூட, தோத்திரப் பாடல்களைப் பாடினார்கள். ஒருவர் மற்றவரிடம் சொல்லும் எந்தச் சொல்லிலும் ‘தயவுசெய்து’வும் ‘நன்றி’யும் தவறவில்லை என்று செர்ரி எழுதுகிறார். புயல் தணிந்ததும் சரிவின் கீழே கூடாரம் கிட்டத்தட்டச் சேதமின்றிக் கிடைத்தது. ஆகஸ்ட் 1 அன்று தளத்துக்கு மீண்டார்கள். ஐந்து வாரங்கள்.

முட்டைகளின் கதி என்ன ஆயிற்று? 1913இல் செர்ரி அவற்றை லண்டன் தென் கென்சிங்டனிலிருந்த இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார். அங்கே அவரை யாரும் பொருட்படுத்தவில்லை. ஒப்புகைச் சீட்டுக்காக நெடுநேரம் காக்கவைத்தார்கள். அந்தக் காட்சியை அவர் ஒரு சிறு நாடகமாகவே எழுதிவைத்திருக்கிறார். அறிக்கை 1934இல்தான் வந்தது. இக்கருக்களால் புதிய விளக்கம் பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை என்றது. அதற்குள் ஹெக்கலின் கோட்பாடே மதிப்பிழந்திருந்தது. மூன்று முட்டைகளுள் ஒன்று 2012இல் அதே அருங்காட்சியகத்தில் அரும்பொருள்களுக்கென அமைத்த கூடத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. அறிவியலுக்குப் பயன்படாத முட்டைக்கு அந்த இடத்தை வாங்கித் தந்தது நூல்தான்.

ஆனால் செர்ரியை வாழ்நாள் முழுதும் வாட்டியது இந்தப் பயணம் அன்று. அடுத்த கோடையின் முடிவில் அவர் பயணம் செய்யாமல் இருந்த ஆறு நாட்கள்.

ஸ்காட்டின் மீள்வழியில் ‘ஒன் டன்’ எனப் பெயரிட்ட ஓர் உணவுக் கிடங்கு இருந்தது. அதை 80ஆம் பாகையில் அமைப்பதாகத் திட்டம். குதிரைகள் சோர்ந்துவிட்டதால் 1911 பிப்ரவரியில் 79 பாகை 29 கலையிலேயே அமைத்துவிட்டார்கள்; 31 கடல் மைல் குறைவு. குதிரைகளைக் கொன்றாவது முன்னே போகலாம் என்று ஓட்ஸ் வற்புறுத்தியும் ஸ்காட் இசையவில்லை. 1912 பிப்ரவரி இறுதியில் நாய்வண்டிகளோடு அந்தக் கிடங்குக்குப் போக மருத்துவர் அட்கின்சன் ஆயத்தமாயிருந்தார். அப்போது லெப்டினன்ட் எவன்ஸ் ஸ்கர்வி நோயில் சாகக் கிடப்பதாகச் செய்தி வந்தது. மருத்துவர் நோயாளியோடு இருக்கவேண்டியதாயிற்று. திசையறிந்து வழிகாட்ட வல்ல ரைட்டுக்குத் தளத்தில் வேறு பணி. மிஞ்சியவர் செர்ரி. அவருக்கு வழிகணிக்கத் தெரியாது. நாய்வண்டி ஓட்டிய அனுபவமும் இல்லை. இளைஞர் திமித்ரி கெரோவை அழைத்துக்கொண்டு புறப்பட்டார்.

மார்ச் 3 அன்று இரவு கிடங்கை அடைந்தார்கள். ஸ்காட் வந்திருக்கவில்லை. அங்கே முன்கூட்டிச் சேர்த்திருக்கவேண்டிய நாய் உணவும் இல்லை. மேலும் தெற்கே போவதென்றால் சில நாய்களைக் கொன்று மற்றவற்றுக்கு இடவேண்டும். நாய்களை ஆபத்துக்கு உட்படுத்தக் கூடாது என்பது அவருக்குத் தரப்பட்ட கட்டளை. ஆறு நாட்களில் நான்கு நாட்கள் பனிப்புயல். வெட்டவெளியில் ஐவர் அளவே ஆன ஒரு புள்ளியைத் தேடிப் போவதைவிட, நிச்சயமாக வந்துசேரும் இடத்தில் காத்திருப்பதே மேல் என்று முடிவு செய்தார். மார்ச் 10 அன்று உணவு வைத்துவிட்டுத் திரும்பினார்.

மறுநாள், மார்ச் 11 அன்று, ஒன் டன் கிடங்கு ஏறத்தாழ 55 மைல் தொலைவில் இருப்பதாக ஸ்காட் தம் நாட்குறிப்பில் கணக்கிட்டிருக்கிறார். எட்கர் எவன்ஸ் அதற்கு முன்பே இறந்திருந்தார். ஓட்ஸ் சில நாளில் கூடாரத்தை விட்டு வெளியேறிப் பனிப்புயலில் மறைந்தார். ஸ்காட்டும் வில்சனும் போவர்ஸும் கிடங்குக்குப் பதினொரு மைல் இப்பால் கடைசிக் கூடாரத்தை அடித்தார்கள். கடைசிப் பதிவு மார்ச் 29. குரோசியர் முனைக்குப் போன மூவரில் இருவர் அந்தக் கூடாரத்தில் இருந்தார்கள் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். நவம்பர் 12 அன்று அதைக் கண்டெடுத்த குழுவில் மூன்றாமவர் இருந்தார்.

அவர் மேலே போயிருக்கவேண்டுமா? இந்தக் கேள்விதான் துருவ ஆர்வலர்களின் தீராத விவாதம். செர்ரியே தம் நூலில் கணக்குப் போட்டுப் பார்க்கிறார். கட்டளையையும் உணவையும் வானிலையையும் எடுத்துவைத்து வேறு வழியில்லை என்று நிறுவுகிறார். ஆனால் மனம் ஒப்பவில்லை. முதல் உலகப்போரில் ஃப்ளாண்டர்ஸ் களத்திலிருந்து நோயாளியாகத் திரும்பியவர், பின்னர் நெடுங்கால மனச்சோர்வுக்கு ஆளானார். அண்டைவீட்டுக்காரரான பெர்னார்ட் ஷா ஊக்கியிராவிட்டால் நூலே முடிந்திருக்குமா என்பது ஐயம். 1959இல் இறக்கும்வரை அந்த ஆறு நாட்களிலிருந்து அவர் வெளியேறவில்லை.

என் எண்ணத்தில் இந்த வழக்கில் தவறான ஆள் கூண்டில் நிற்கிறார். 1911 அக்டோபரில் ஸ்காட் எழுத்து மூலம் ஒரு கட்டளை தந்திருந்தார்: மார்ச் முதல் தேதி வாக்கில் நாய்வண்டிகள் 82ஆம் பாகையருகே தம்மை எதிர்கொள்ள வேண்டும்; அதற்கு முன் கிடங்கில் நாய் உணவு சேர்க்கவேண்டும். அது நாய்களின் பொறுப்பாளர் மீரஸுக்குத் தரப்பட்டது. திட்டமிட்டதைவிட அதிக தூரம் ஸ்காட்டே நாய்களைத் தெற்கே கொண்டுபோனதால் மீரஸ் தாமதமாகத் திரும்பினார். நாய் உணவு போய்ச்சேரவில்லை. மீரஸ் ஊருக்குக் கப்பலேறத் தயாரானார். பொறுப்பு அட்கின்சனுக்கு மாறியது. அவரிடமிருந்து செர்ரிக்கு வாய்மொழியாக வந்தபோது ‘எதிர்கொண்டு அழைத்துவா’ என்பது ‘கிடங்குவரை போய்வா’ என்று தேய்ந்திருந்தது. கட்டளையின் வாசகம் லெப்டினன்ட் எவன்ஸ் 1921இல் எழுதிய நூலிலேயே அச்சாகியிருக்கிறது. ஆயினும் ஸ்காட் மீட்பு ஏற்பாடே செய்யவில்லை என்று பல்லாண்டுகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். அண்மைக்காலத்தில் ஆய்வாளர் காரென் மே தம் கட்டுரையில் இதை எடுத்துக்காட்டிய பின்னரே பலர் அந்தப் பக்கத்தைப் புரட்டினார்கள். வெறிபிடித்த வாசகர்களால் வரலாற்றுக்கு என்ன பயன் என்று கேட்பவர்களிடம் நான் காட்டுவது இதைத்தான்.

ஸ்காட்டை முற்றாக விடுவிக்கவும் இயலாது. நாய்களை எதிர்பார்த்தவர் நாய் உணவை உறுதிசெய்யாமல் மேலே போனார். வழிதவறக்கூடிய ஒருவரை அந்த வேலைக்கு அனுப்பவேண்டிய நிலை வரும் என்பதை மட்டும் யாரும் முன்னறிந்திருக்க முடியாது.

குரோசியர் முனையின் கற்சுவர்களை 1957இல் எட்மண்ட் ஹிலாரியின் குழு கண்டது. கடைசிக் கூடாரம் அப்படிக் கிடைக்கப்போவதில்லை. தேடிச் சென்றவர்கள் அதை இறந்தோர்மீது சரித்து மூடி, மேலே பனிமேடு எழுப்பிவிட்டு வந்தார்கள். ஆண்டுதோறும் விழும் பனி அந்த மேட்டை விழுங்கிவிட்டது. பனித்தட்டோ சற்றும் நில்லாமல் கடலை நோக்கி நகர்கிறது; கூடாரமும் கிடங்கும் புதைந்தபடியே அதனோடு போய்க்கொண்டிருக்கின்றன. இன்று அவை எந்த இடத்தில், எத்தனை மீட்டர் ஆழத்தில் இருக்கும், எந்த ஆண்டு தட்டின் விளிம்பை அடைந்து கடலில் விழும் என்று கணக்கிட்டுப் பார்ப்பதும் இந்த ஆர்வலர்களின் வேலைகளுள் ஒன்று. விடைகள் ஒத்துப்போவதில்லை. அதன்மீதும் விவாதம் நடக்கிறது.